ஆய்வு நாளுக்காகத் துடைத்து வைத்த வீடு

கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் அவர் எழுந்துவிடுவார். சாப்பாட்டில் பாதியில் இருந்தாலும் சரி, முகத்தில் சவர நுரை காயாமல் இருந்தாலும் சரி. நேரே சுவர்க் கடிகாரத்தின் முன்னால் போய் நின்று, ஆள்காட்டி விரலை மடக்கி, அந்தக் கணுவால் கண்ணாடியை இரண்டு தடவை தட்டுவார். டொக், டொக். கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்ப்பார். அங்கிருந்து சமையலறைக்குப் போவார். தண்ணீர் வடிகட்டியின் கண்ணாடிக்கு இரண்டு தட்டு, ஃபிரிட்ஜ் கதவுக்கு இரண்டு தட்டு. கடைசியில் மேசைக்கு வந்து நோட்டைத் திறப்பார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். மணி, அழுத்தம், தண்ணீர் மட்டம், கையெழுத்து. அழுத்தம் எப்போதும் ஏழு. தண்ணீர் எப்போதும் பாதி. கையெழுத்து மட்டும் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் பாய்லர் ஓட்டியவர். ஊழியர் குடியிருப்பில் பாய்லர்காரர் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். ஆபரேஷன் கத்தி கிருமி நீங்கி வருவதும், வார்டுக்கு வெந்நீர் போவதும், சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு காய்வதும் அவர் கீழ்த்தளத்தில் கிளப்பிய நீராவியால்தான். அழுத்தம் காட்டும் முள் சில சமயம் சிக்கிக்கொண்டு பழைய கணக்கையே காட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று முகத்தில் தெரியாது. அதனால்தான் தட்டுவது. "தட்டாம நம்பினவன் பாய்லரோட சேர்ந்து மேல போயிடுவான்" என்பார், நினைவு நன்றாக இருந்த காலத்தில்.

அவர் மனைவி அந்தச் சலவைக்கூடத்தில்தான் இன்னும் வேலை பார்க்கிறாள். சூடான உருளைக்குள் விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் ஊட்டுகிற வேலை. ரோலர் அக்கா என்றால்தான் அங்கே ஆள் தெரியும். அவரைவிடப் பத்து வயது இளையவள். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது. வேலை இருக்கும்வரைதான் குடியிருப்பில் வீடு. வேலையை விட்டால் இரண்டே மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே மகள் கடல் கடந்து இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் வந்து "அப்பாவைப் பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள், என்னவோ அம்மா மறந்துவிடுவாள் என்பதுபோல.

நோய்க்குப் பேர் வைத்தது டாக்டர். பேரோடு ஒரு கடிதமும் கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டியதில், அரசாங்கத்தின் வீட்டு உதவித் திட்டத்தில் மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக ஓர் உதவியாளரை அனுப்பினார்கள். காலை எட்டிலிருந்து மாலை மூன்றுவரை. மூன்று மாத முடிவில் மதிப்பீட்டு அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்து மதிப்பெண் போடுவார். நாற்பத்தைந்துக்கு மேல் இருந்தால் உதவி தொடரும். எவ்வளவுக்கு எவ்வளவு முடியாமல் இருக்கிறாரோ அவ்வளவுக்கு மதிப்பெண் என்று கவுன்ட்டரில் விளக்கினார்கள். ரோலர் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஃபெயில் ஆகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற பரீட்சை.

வந்த உதவியாளர் பெரிய உடம்பும் பெரிய குரலுமாக இருந்தாள். பாய்லர்காரர் அவளை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் அது நடந்தது.

உதவியாளர் பின்பக்கம் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தாள். சமையலறையில் ஏதோ சீறுகிற ஓசை. அடுப்பின் குமிழ் முழுசாகத் திருகியிருந்தது, தீ இல்லை. அதற்கு முன்னால் பாய்லர்காரர், கையில் லைட்டர், பார்வை சுவர்க் கடிகாரத்தில்.

"ஐயா, என்ன பண்றீங்க!"

"இரு மேஸ்திரி. அஞ்சு நிமிஷம் ஆகணும். உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய போகட்டும். அப்புறம் தீ வைக்கலாம்."

பாய்லரில் தீ மூட்டுமுன் ஃபேனை ஓடவிட வேண்டும். ஐந்து நிமிடம் காற்றடித்து, உலைக்குள் தங்கியிருக்கிற எரிவாயுவையெல்லாம் துரத்திய பிறகே நெருப்பு. அவசரப்பட்டவன் பிழைத்ததில்லை. அடுப்பு சீறுகிற ஓசையை அவர் ஃபேன் ஓசை என்று எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கணக்கில் அவர் ஜாக்கிரதையாகத்தான் நின்றிருந்தார்.

உதவியாளர் குமிழை மூடி, ஜன்னலைத் திறந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணிக்கு ரோலர் அக்கா வந்ததும் சொன்னாள். கையில் வருகைப் பதிவேடு இருந்தது.

"அக்கா, இதை நான் எழுதியாகணும்."

"எழுதாத."

"எழுதாம எப்படிக்கா?"

"எழுதினா லைசென்ஸ் போயிடும்" என்றாள் ரோலர் அக்கா. சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. எந்த லைசென்ஸ்? பிறகு சமாளித்துக்கொண்டு, "எழுதினா அவரை ஹோம்ல கொண்டுபோய் விடச் சொல்லிடுவாங்க. ஊருக்கு வெளிய ஒண்ணு இருக்கே, ஜன்னல் பூரா கம்பி போட்டு. அங்க அவர் எதைத் தட்டிப் பாப்பார்? வேண்டாம். நீ என் தங்கச்சி மாதிரி."

தங்கச்சி மாதிரி என்ற வார்த்தைக்குக் கட்டுப்பட்டு உதவியாளர் அன்றைய பக்கத்தில் 'நலம்' என்று எழுதினாள்.

அந்த லைசென்ஸ் வாயில் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் பாய்லர்காரர் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது பாய்லரில் தண்ணீர், மட்டம் காட்டும் கண்ணாடிக்கும் கீழே போயிருந்தது. நெருப்பை அணைத்துவிட்டார், இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் கட்டடமே போயிருக்கும். வீட்டுக்கு வந்து அவளிடம் மட்டும் சொன்னார். அடுத்த வாரம் வருடாந்தர ஆய்வு. பாய்லர் இன்ஸ்பெக்டர் சலவைக்கூடத்துக்கும் வந்து, உருளையில் நின்றிருந்த அவளிடம், "நீராவி எப்பவாவது நின்னுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. ஒரு நாளும் இல்ல."

கண்ணிமைக்காமல் சொன்னாள். லைசென்ஸ் பிழைத்தது. அன்றைக்கு வீட்டில் அவர் நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் கிடந்த அவளுடைய செருப்பைத் துடைத்து ஜோடியாக வைத்தார்.

அதிலிருந்து எத்தனையோ ஆய்வுகள். ஒரு வாரம் முன்னாலேயே குழாய்க்கெல்லாம் வர்ணம் அடிப்பார்கள். பித்தளை பளபளக்கும். ஒழுகுகிற இடத்தில் அன்றைக்கு மட்டும் ஒழுகாதபடி ஏதாவது செய்துவைப்பார்கள். அவருடைய சீருடையை அவளே உருளையில் விட்டு விறைப்பாக எடுத்துத் தருவாள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் குறையை மறைத்து நிறையைக் காட்டுவது. அதுதான் அந்த வீட்டின் தொழில். ஓய்வு பெற்ற வருடம் கிடைத்த 'விபத்தில்லா ஆண்டு' சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் கூடத்துச் சுவரில் தொங்கியது.

மதிப்பீட்டு அலுவலர் வருகிற தேதி தெரிந்ததும் உதவியாளர் படித்துப் படித்துச் சொன்னாள். "அக்கா, அன்னிக்கு வீட்டைத் துடைச்சு வெக்காதீங்க. அவரைக் குளிப்பாட்டி மாப்பிள்ளை மாதிரி உட்கார வெக்காதீங்க. கரிஞ்ச பாத்திரத்தை எடுத்து வெளிய வைங்க. உள்ளது உள்ளபடி இருக்கட்டும். அன்னிக்கு நான் இருக்கக் கூடாதுன்னு சட்டம். நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும்."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன பச்சைக் குழந்தையா?"

அன்று காலை நாலு மணிக்கே எழுந்துவிட்டாள். கரிந்த பாத்திரத்தை வெளியே எடுத்துத்தான் வைத்தாள். வைத்ததைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை. தேய்த்துப் பார்க்கலாம் என்று தொடங்கினாள். பாத்திரம் முடிந்ததும் மேடை. மேடை முடிந்ததும் தரை. நாட்காட்டியில் நேற்றைய தாள் கண்ணை உறுத்தியது, கிழித்தாள். எட்டு மணிக்கு வீடு பித்தளையாக மின்னியது.

"யார் வர்றா, இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க. பத்து மணிக்கு."

அதைக் கேட்டதும் அவர் முதுகு நிமிர்ந்ததை அவள் பார்த்தாள். மூன்று மாதமாக யாராவது செய்துவிட்ட சவரத்தை அன்று அவரே செய்துகொண்டார், ஒரு கீறல் இல்லாமல். சட்டைப் பொத்தான் ஏழும் சரியான துளையில். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. அதைத் தட்டிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அலுவலர் சின்னப் பெண். மகள் வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் பேசினாள்.

"ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

அவர் நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"நம்ம நாட்டை இப்ப யார் ஆளுறாங்க, தெரியுமா?"

"யார் ஆண்டா என்னம்மா? கீழ நீராவி இல்லைன்னா மேல எவனும் குளிக்க முடியாது."

அலுவலர் வாய்விட்டுச் சிரித்தாள். குறித்துக்கொண்டாள்.

"நான் மூணு வார்த்தை சொல்றேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்பேன். நாற்காலி, சாவி, மழை."

அவர் நோட்டைத் திறந்தார். மணி எழுதினார். அழுத்தம் என்ற கட்டத்தில் நாற்காலி, தண்ணீர் மட்டத்தில் சாவி, கையெழுத்துக்குப் பக்கத்தில் மழை. பத்து நிமிடம் கழித்து அவள் கேட்டபோது, நோட்டைப் பார்த்து ஷிப்ட் அறிக்கை மாதிரி வாசித்தார்.

"பாத்துச் சொல்லக் கூடாதே" என்று தயங்கியவள், பக்கங்களைப் புரட்டினாள். மணிக்கு மணி, நாளுக்கு நாள், ஒரு கட்டம்கூட விடாமல் ஏழு, பாதி, ஏழு, பாதி. "பரவாயில்ல. எழுதி வெச்சுக்கிறதும் ஒரு திறமைதான். எவ்வளவு ஒழுங்கு!" நிமிர்ந்தபோது சுவரில் சான்றிதழ் கண்ணில் பட்டது. "ஓ, விபத்தில்லா ஆண்டா?"

"ஆமாம்" என்றார் பாய்லர்காரர்.

கடைசியாக அலுவலர் மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, இந்த மூணு மாசத்துல அசம்பாவிதம் ஏதாவது? நெருப்பு, எரிவாயு, வழி தவறிப் போறது? யோசிச்சுச் சொல்லுங்க. இது முக்கியமான கேள்வி."

பாய்லர்காரர் மனைவியைப் பார்த்தார். இருபது வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை. அவளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவில் இருந்தது: சீறல், லைட்டர், ஐந்து நிமிடம்.

"இல்லைங்க" என்றாள். "ஒரு நாளும் இல்ல."

காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. மதிப்பெண் முப்பத்தொன்று. 'தன் அன்றாடத் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்ளக்கூடியவர்.' உதவி ஒன்றாம் தேதியோடு நிறுத்தப்படும்.

உதவியாளர் கடைசி நாளில் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கேஸ் குமிழைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரோலர் அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள். கவுன்ட்டரில் இருந்தவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். "அசம்பாவிதம் இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா. பதிவேட்டிலயும் எல்லா நாளும் நலம்னுதான் இருக்கு. மேல்முறையீடு பண்ணலாம். புதுசா ஏதாவது நடந்திருந்தா எழுதிக் குடுங்க."

"புதுசா நடக்கணுமா?"

அவர் கோப்பை மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குழாயில் வருகிற எரிவாயுவுக்கு எட்டு வீட்டுக்குமாக ஒரே வால்வு. அதை மூட முடியாது. அதனால் இரண்டு குமிழையும் கழற்றி, லைட்டரோடு சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கதவை வெளியிலிருந்து பூட்டினாள். பூட்டுகிறபோது உள்ளே டொக், டொக் என்று கேட்கும். மணி எட்டு. சலவைக்கூடத்தில் விரிப்பை உருளைக்குள் விடுகிறபோதெல்லாம் மூலையில் நீராவி சீறும். எத்தனையோ வருடம் காதில் விழாமலே இருந்த ஓசை. இப்போது ஒவ்வொரு சீறலுக்கும் அவள் கை நின்றது. "அக்கா, விரல் போயிடும், பாத்து" என்று பக்கத்தில் நின்றவள் அதட்டினாள். வீட்டுக்கு வந்ததும் நோட்டைத்தான் முதலில் பார்ப்பாள். ஒன்பது, ஏழு, பாதி. பத்து, ஏழு, பாதி. கட்டம் நிரம்பியிருந்தால் அந்த நாள் தப்பியது.

பன்னிரண்டாவது நாள், கதவைத் திறக்குமுன்பே அவளுக்கு வாடை அடித்தது.

சமையலறையில் மேடைமேல் அவருடைய பழைய காக்கிக் கருவிப் பை. பரணில் கிடந்ததை அவள் மறந்தே போயிருந்தாள். பக்கத்தில் கொறடு. குமிழில்லாத இரும்புத் தண்டைக் கொறடால் திருகியிருந்தார். அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. அவர் கையில் அந்தப் பையிலிருந்த தீப்பெட்டி. மறு கையில் ஒற்றைக் குச்சி, மருந்துத் தலை பெட்டியின் ஓரத்தைத் தொட்டபடி.

"நாலு நிமிஷம் ஆச்சு" என்றார், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒண்ணு."

கத்தினால் கை உதறும். ஓடிப்போய்ப் பிடித்தால் உரசும். அவள் பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். முப்பது வருடம் அவர் வேலைக்கதை கேட்ட காது அல்லவா. அதில் விழுந்திருந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தது.

"ஷிப்ட் மாத்தலாம்."

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார், யார் என்று தெரிந்து பார்த்தாரா, சொல்ல முடியாது. "வந்தாச்சா? இன்னிக்கு லேட்டு. அழுத்தம் ஏழு. தண்ணி பாதி. ஃபேன் ஓடிட்டிருக்கு."

"சரி. நான் பாத்துக்கிறேன். குடுங்க."

தீப்பெட்டியைக் கொடுத்தார். குச்சியையும் கொடுத்தார். நோட்டைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, முகம் கழுவப் போனார், நாள் முழுக்க உழைத்தவர் போல. அவள் கொறடால் தண்டை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, உதவியாளர் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கே மேல்முறையீடு எழுதினாள். நடந்தது, முன்பு நடந்தது, தான் பொய் சொன்னது, உதவியாளரை எழுத வேண்டாம் என்று தடுத்தது தான்தான் என்பது, எல்லாம். அதே சின்னப் பெண் மறுபடி வந்தாள். இம்முறை வீடு பெருக்காமல் கிடந்தது. பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு அவரை உட்கார வைத்துவிட்டு, கொறடு பல் பதிந்த தண்டை ரோலர் அக்கா காட்டினாள். அவர் எதிரிலேயே சொன்னாள். அவர் தலை குனிந்துகொண்டார். லைசென்ஸ் போன ஆள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐம்பத்தெட்டு மதிப்பெண். 'உதவிக்குத் தகுதி உடையவர். திட்டத்துக்கான நிதி ஒதுக்கப்பட்டதும் உதவியாளர் அனுப்பப்படுவார். காத்திருப்போர் வரிசையில் தங்கள் எண் 212.' எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டதற்கு, போன வருட ஒதுக்கீடே இன்னும் முழுசாக வரவில்லை என்றார்கள்.

சம்பளமில்லா விடுப்பு போட்டாள். அதுவும் இரண்டு மாதம்தான். அதற்கு மேல் வேலையும் இல்லை, வீடும் இல்லை. ஆறாவது வாரம் ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. பாய்லர் ரூமில் அவருக்கு அடுத்த ஷிப்ட் பார்த்தவர். அவரும் ஓய்வு பெற்றாகிவிட்டது, தலை வெளுத்திருந்தது.

"விஷயம் கேள்விப்பட்டேன் அக்கா. நீங்க நாளைக்கு வேலைக்குப் போங்க. அரசாங்கத்து ஆள் வர்ற வரைக்கும் எட்டு மணிக்கு நான் வந்துடறேன். நீங்க வந்ததும் கிளம்பறேன்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்? அவரைச் சமாளிக்கிறது லேசில்ல. தீப்பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பார். பதமாப் பேசி வாங்கணும்."

"எனக்கென்ன புதுசா?" என்றார் அவர். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல வாசலைப் பார்த்தார். அவள் விடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. பாய்லர்காரர் ஓய்வு பெறுகிற வருடமே அப்படித்தான். ஃபேன் நின்ற பிறகும் ஓடுவதாக நினைத்து, வாயுவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அதனால் தினமும் இவர் ரெண்டு மணி நேரம் முன்னாலேயே போய், "ஷிப்ட் மாத்தலாம்ணே" என்று சொல்லித்தான் தீயை வாங்கிக்கொள்வார். மற்ற நேரம் உதவிக்கு நின்றவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றான். லாக் புக்கில் ஏழு, பாதி என்று எழுதி பாய்லர்காரருடைய கையெழுத்தைப் போட்டதும் இவர்கள்தான். ஆய்வு நாளில் குளிப்பாட்டிச் சீருடை மாட்டி நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் கேட்டபோது, ஒரு நாளும் ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். மேலே நானூறு படுக்கை.

சுவரில் மாட்டியிருந்தது அந்த வருடத்துச் சான்றிதழ்.